தடுப்பால வந்தவர் கொழும்புக்கு வேலைக்கு வாறார் எண்டா என்ன செய்யோணும்: பேப்பர்ல இருந்து ஈ.பி.எஃப் வரைக்கும்

யுத்தம் 2009 மே மாசம் முடிஞ்சதுக்குப் பிறகு இயக்கத்தில, அதாவது விடுதலைப் புலிகள்ல, இருந்த கிட்டத்தட்ட 12,000 பேர் புனர்வாழ்வு எண்ட பேர்ல பூந்தோட்டம், வெலிக்கந்தை, கந்தகாடு, சேனபுர, அம்பேபுஸ்ஸ எண்டு ஒவ்வொரு இடத்துத் தடுப்பு முகாம்ல இருந்துதான் வீட்டுக்குப் போனவை. அதில 594 பேர் சின்னப் பிள்ளைகள், அவையில கொஞ்சப் பேர் எங்கட ரத்மலானை இந்துக் கல்லூரியிலயே படிச்சவை, இப்ப அவையும் முப்பது தாண்டிட்டினம். வீட்ட போனதோட கதை முடியேல்ல. கூலி வேலை, கடல் தொழில், சிவில் பாதுகாப்புத் திணைக்களத்திண்ட பண்ணை எண்டு கொஞ்ச வருஷம் ஓடும், பிறகு 2022ல சாமான் விலை ஏறின ஏத்தத்தில அதுவும் காணாமப் போக, கொழும்புக்கு பஸ் ஏறுறதுதான்.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, வத்தளைப் பக்கம் இருக்கிற கன வீடுகளுக்கு இப்பிடி ஒரு அண்ணாவோ மச்சானோ சித்தப்பாவோ வருவார். "வாங்கோ, பாப்பம்" எண்டு சொல்லிட்டு அடுத்த நாளே தெரிஞ்ச கடையில கொண்டுபோய் நிப்பாட்டுறதுதான் வழமை. அது சரிவராது எண்டுதான் நான் சொல்லுவன். முதல் பேப்பர், பிறகு உடம்பு, பிறகு தொழில் சேர்டிபிக்கட், அதுக்குப் பிறகு வேலை. இந்த ஒழுங்கை மாத்தினா கன காலம் கழிச்சும் ஆள் நாள் சம்பளத்திலதான் நிப்பார், ஏனெண்டா ஒருக்கா வேலைக்குப் போகத் தொடங்கினா லீவு போட்டு ஐடென்டிகார்ட்டுக்கு பத்தரமுல்லையில லைன்ல நிக்க முதலாளி விடமாட்டார்.

இதில ஒரு வித்தியாசத்தை விளங்கிக்கொள்ளோணும். ஆமியில இருந்து ஒழுங்கா விலகிற ஆளுக்கு டிஸ்சார்ஜ் பேப்பர் இருக்கு, 22 வருஷம் சேர்விஸ் முடிச்சா பென்ஷன் இருக்கு, கால் கை போனவைக்கு ராகமையில ரணவிரு செவண எண்ட ஆமிப் புனர்வாழ்வு நிலையம் இருக்கு. இயக்கத்தில 15 வருஷம் இருந்தவருக்கு அந்த 15 வருஷம் எந்த பைல்லயும் இல்ல. நாப்பத்தஞ்சு வயசில ஒரு ஆள் எந்தச் சேமிப்பும் எந்தச் சேர்டிபிக்கட்டும் இல்லாம பூச்சியத்தில தொடங்குறார், அதை நினைச்சுக்கொண்டுதான் கீழ இருக்கிறதை எல்லாம் செய்யோணும்.

படி 1: ஊரை விட்டு வெளிக்கிட முதல் எடுக்க வேண்டியது

இதை ஊரிலயே முடிச்சுப்போட்டு வரச் சொல்லுங்கோ, இங்க வந்து எடுக்கிறது பெரிய அலைச்சல். பேர்த் சேர்டிபிக்கட், ஐடென்டிகார்ட், ஜீ.எஸ் (கிராம சேவையாளர்) குடுக்கிற வதிவிடச் சான்றிதழ், புனர்வாழ்வு முடிச்ச சேர்டிபிக்கட், பள்ளிக்கூடம் விட்ட சேர்டிபிக்கட், கலியாணம் கட்டினவர் எண்டா விவாகப் பதிவு.

பேர்த் சேர்டிபிக்கட்லதான் கூடப் பிரச்சினை. வன்னியில யுத்த நேரம் பதிவுப் புத்தகங்களே அழிஞ்சுபோன இடங்கள் இருக்கு, இடப்பெயர்வுக்க பிறந்து பதியாமலே விட்ட பிள்ளையளும் இருக்கு. பதிவு கம்ப்யூட்டர்ல ஏத்தியிருந்தா எந்தப் பிரதேச செயலகத்திலயும் கொப்பி எடுக்கலாம், கொழும்பிலயும் எடுக்கலாம். இல்லாட்டி பிறந்த இடத்துப் பிரதேச செயலகத்துக்குத்தான் போகோணும். அங்க தேடியும் இல்லை எண்டா வாயால "இல்ல" எண்டு சொன்னதைக் கேட்டுட்டு வரவேண்டாம், தேடிக் கிடைக்கேல்ல எண்டு எழுத்தில வாங்குங்கோ. அந்தத் துண்டு இருந்தாத்தான் காலம் பிந்தின பதிவுக்கோ உத்தேச வயதுச் சான்றிதழுக்கோ போடலாம், ஐடென்டிகார்ட் எடுக்கேக்கயும் அதைக் கேப்பினம்.

அடுத்தது பேர். ஒரு ஆளுக்கு வீட்டுப் பேர், பள்ளிக்கூடப் பேர், இயக்கப் பேர் எண்டு மூண்டு இருக்கும், புனர்வாழ்வு சேர்டிபிக்கட்ல இங்கிலிஷ் எழுத்து ஒரு மாதிரி, ஐடியில வேற மாதிரி, தகப்பன்ட பேர் ஒண்டில முழுசா இன்னொண்டில இனிஷியலா. இதெல்லாம் ஒரே ஆள்தான் எண்டு ஜே.பி. (சமாதான நீதவான்) ஒருத்தரிட்ட சத்தியக்கடதாசி ஒண்டு முடிச்சு வையுங்கோ. சின்னச் செலவோட முடியிற வேலை, பிறகு பாங்கிலயும் பாஸ்போட் ஒபிஸ்லயும் இது இல்லாம திருப்பி அனுப்புவாங்கள்.

விவாகப் பதிவு இல்லாத சோடிகள் கனக்க இருக்கு, இயக்கத்துக்குள்ள கட்டினவை, பங்கருக்குள்ள தாலி கட்டினவை எண்டு. இப்பவும் பதியலாம், வெக்கப்பட ஒண்டுமில்ல, ஆனா பதிவில விழுறது பதியிற நாளின்ட திகதிதான். பிள்ளைகளின்ட பேர்த் சேர்டிபிக்கட்ல தகப்பன் பகுதி வெறுமையா இருந்தா அதையும் அதோட சேத்துக் கேட்டுத் திருத்துங்கோ.

ஒண்டையும் லமினேட் பண்ண வேண்டாம். மழையில நனையும் எண்டு எங்கட சனம் உடன லமினேட் பண்ணிடும், பிறகு அதில சீல் குத்தவும் ஏலாது, ஒபிஸ்ல பாத்து உண்மையோ எண்டு சோதிக்கவும் ஏலாது. பிளாஸ்டிக் பைல் ஒண்டு வாங்கி உள்ள வைச்சாக் காணும், போன்ல போட்டோ எடுத்து ரெண்டு பேரின்ட போன்ல வைச்சிருங்கோ.

படி 2: ஐடென்டிகார்ட்

தொலைஞ்சிருந்தாலோ பழைய அழிஞ்ச கார்ட்டா இருந்தாலோ முதல் வேலை இதுதான். பொலிஸ்ல தொலைஞ்ச முறைப்பாட்டின்ட கொப்பி, ஜீ.எஸ் உறுதிப்படுத்தின விண்ணப்பம், பேர்த் சேர்டிபிக்கட், ஆட்பதிவுத் திணைக்களத்தில பதிஞ்ச ஸ்டூடியோவில எடுத்த போட்டோ. கண்ட ஸ்டூடியோவிலயும் எடுத்துட்டுப் போகாதேங்கோ, பதிஞ்ச ஸ்டூடியோ எண்டா படத்தை அவையே ஒன்லைன்ல அனுப்பிட்டு உங்களுக்கு ரிசீட் தருவினம். ஒரு நாள் சேவை பத்தரமுல்லை சுஹுருபாயவில இருக்கு, வவுனியாவிலயும் கிளை இருக்கு, அதால வடக்கில இருந்து வாற ஆள் வவுனியாவில இறங்கி எடுத்துட்டு வந்தா நல்லம். கட்டணமும் முன்பதிவு முறையும் அடிக்கடி மாறுது, போக முதல் ஒரு கோல் எடுத்துக் கேளுங்கோ.

நிரந்தர விலாசத்தை ஊரிலயே வைச்சிருங்கோ, இது என்ட அபிப்பிராயம். கொழும்பில போர்டிங்ல இருக்கிறவருக்கு வீட்டுக்காரர் கையெழுத்து வைக்கமாட்டார், ஜீ.எஸ்ஸுக்கும் ஆளைத் தெரியாது. வாக்காளர் இடாப்பில பேர் ஊரில இருக்கட்டும், வருஷா வருஷம் ஜீ.எஸ் கணக்கெடுக்க வரேக்க அம்மாவோ மனுசியோ பேரை விடாம குடுத்தாச் சரி. காணிப் பிரச்சினை, வீட்டுத்திட்டம், அஸ்வெசும நிவாரணக் காசு எண்டு எது வந்தாலும் ஊர் விலாசம்தான் கைகுடுக்கும்.

படி 3: தங்கிற இடம்

லொட்ஜ் எண்டாலே ஊரில பழைய ஆக்களுக்கு நெஞ்சு இடிக்கும். 2007 ஜூன் 7 விடிய வெள்ளவத்தை, புறக்கோட்டைப் பக்க லொட்ஜுகள்ல இருந்த தமிழ்ச் சனத்தை பஸ்ஸில ஏத்தி வவுனியாவுக்கு அனுப்பினாங்கள், அடுத்த நாளே சுப்ரீம் கோர்ட் அதை நிப்பாட்டி ஓடர் போட்டது. அந்தக் காலம் இப்ப இல்ல, ஆனா வாறவருக்கு அந்தப் பயம் இருக்கிறது நியாயம், சிரிக்காதேங்கோ.

போர்டிங் எடுக்கேக்க ரெண்டு விசயம். பொலிஸ் வீட்டில இருக்கிற ஆக்களின்ட விபரம் கேட்டு போம் குடுத்தா உள்ள பேரை உள்ளபடி எழுதுங்கோ, மறைச்சு பிறகு பிடிபட்டா சும்மா இருந்த விசயம் பெரிய விசயம் ஆகும். வீட்டுக்காரரிட்ட ஆளின்ட பழைய கதையை நீங்களாச் சொல்லத் தேவையில்ல, வாடகை கட்டுவார், குடிக்கமாட்டார் எண்டு சொன்னாக் காணும். வாற கையோட வாடகைக்கும் அட்வான்ஸுக்கும் கடன் எடுக்க விடாதேங்கோ, ஊரில ஏற்கனவே கிழமைக் கடன் கட்டுற வீடாத்தான் இருக்கும், முதல் ஒரு மாசம் உங்கட வீட்டு ஹோல்ல படுத்தாலும் பரவாயில்ல.

படி 4: வீட்டில எப்பிடி இருக்கிறது

கேள்வி கேக்காதேங்கோ. எந்தப் படையணி, எங்க நிண்டனீங்கள், கடைசி நேரம் என்ன நடந்தது, தலைவரைக் கண்டனீங்களோ எண்டு வெளிநாட்டில இருந்து வீடியோ கோல்ல வாற மாமாமார் வரைக்கும் கேப்பினம். அவராச் சொன்னாக் கேளுங்கோ, சொல்லாட்டி சோறு போட்டுக் குடுங்கோ. பிள்ளையளுக்கு முன்னால வீரக்கதையாவோ பாவக்கதையாவோ ஆக்க வேண்டாம், ரெண்டுமே அந்த மனுசனுக்குப் பாரம்தான்.

கொழும்புச் சத்தங்களைப் பற்றி முன்னமே சொல்லி வையுங்கோ, இதை ஒருத்தரும் யோசிக்கிறேல்ல. ஜனவரி கடைசியில சுதந்திர தின ஒத்திகைக்கு விமானப்படை பிளேன் கொழும்புக்கு மேல பதிஞ்சு பறக்கும், வெள்ளவத்தை பிளட்டில ஆறாம் மாடியில இருந்தா கண்ணாடி அதிரும். வன்னியில கிபீர் குண்டு போட்டதைக் கண்ட ஆள் அந்தச் சத்தத்துக்கு மேசைக்குக் கீழ போனா அது பைத்தியம் இல்ல. டிசம்பர் 31 இரவு 12 மணி, ஏப்ரல் புத்தாண்டு, தீபாவளி, எல்லாம் வெடிதான். "நாளைக்குக் காலமை பிளேன் வரும், ஒத்திகை" எண்டு முதல் நாளே ஒரு வசனம் சொன்னா எவ்வளவோ உதவி.

நித்திரையில கத்துறது, ஆக்களில்லாத மூலையில போய் இருக்கிறது, வாசலைப் பாத்துத்தான் கதிரை போடுறது, இதெல்லாம் வருஷங்கள் போயும் இருக்கும். அது கூடிக் குடியில போய் விழுந்தாலோ சாகிற கதை கதைச்சாலோ காத்திருக்காதேங்கோ, 1926க்கு எடுங்கோ, அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின்ட இலக்கம், 24 மணித்தியாலமும் இருக்கு. அங்கொடை எண்ட பேரைக் கேட்டவுடன எங்கட ஆக்கள் முகத்தைச் சுழிப்பினம், அதால டொக்டரைப் பாக்கப் போறம் எண்டு மட்டும் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனாலும் குறையில்ல.

படி 5: உடம்பு

வேலைக்குப் போக முதல் பெரியாஸ்பத்திரியில ஒரு கிளினிக் புத்தகம் திறவுங்கோ, காசில்ல. கன பேரின்ட உடம்புக்குள்ள இன்னும் பீஸ் (செல் துண்டு) கிடக்கு, சிலருக்குத் தெரியும், சிலருக்கு எக்ஸ்ரே எடுத்தாத்தான் தெரியும். இதில உயிர்ப் பிரச்சினை ஒண்டு இருக்கு: எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எண்டு எழுதினா, செல் துண்டு உள்ள இருக்கு எண்டு டொக்டருக்கும் ஸ்கேன் எடுக்கிறவருக்கும் கட்டாயம் சொல்லோணும், காந்தம் இரும்பை இழுக்கும், கண்ணுக்குக் கிட்ட, முள்ளந்தண்டுக்குக் கிட்ட இருந்தா விளைவு மோசம். வெக்கத்தில சொல்லாம போய்ப் படுக்கிற ஆக்கள் இருக்கினம். பழைய எக்ஸ்ரே படத்தை எறியாம அந்த பைல்லயே வையுங்கோ.

காது கேக்கிறதையும் பாருங்கோ. ஆட்டிலறிக்குப் பக்கத்தில நிண்டவருக்கு ஒரு பக்கம் கேக்காது, அதை வெளியில காட்டாம சமாளிப்பார், பிறகு வேலைத்தலத்தில "கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்கிறான் இல்ல, திமிர்" எண்டு பேர் எடுப்பார். செயற்கைக் கால் போட்டவர் எண்டா யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிறுவனத்தில சரிபாத்துப்போட்டு வரட்டும், கொழும்பில பஸ் ஏறி இறங்கிற வாழ்க்கைக்கு இறுக்கமா இருக்கிற கால் புண் ஆக்கிப்போடும். மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவுக்கு ஊர்ப் பிரதேச செயலகத்திலதான் போடோணும், விலாசத்தை மாத்தாதேங்கோ எண்டு மேல சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம்.

படி 6: கைத்தொழிலுக்கு சேர்டிபிக்கட் எடுக்கிறது

எல்லாரும் தாண்டிப் போறது இந்தப் படியைத்தான், நான் கூட நேரம் செலவழிக்கச் சொல்றதும் இதிலதான். இயக்கத்தில இருந்தவைக்கு தொழில் தெரியும். பெரிய வாகனம் ஓடினவை, இஞ்சின் இறக்கி ஏத்தினவை, வெல்டிங், ஜெனரேட்டர், வயரிங், தையல், கணக்கு எழுதினவை, மருத்துவப் பிரிவில காயக்காரரைப் பாத்தவை. தெரியும் எண்டதுக்கு ஒரு துண்டுக் கடதாசி இல்ல, அதால கொழும்பில வந்து ஹெல்ப்பரா நிப்பினம், பாஸ் ஒருத்தருக்குக் கீழ சீமெந்து குழைக்கிற சம்பளம்.

இதுக்குத்தான் என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) முறையில முன்கற்றலை அங்கீகரிக்கிற வழி ஒண்டு இருக்கு, ஆர்.பி.எல். எண்டு கேட்டா ஒபிஸ்ல விளங்கும். வகுப்புக்குப் போகத் தேவையில்ல. தொழில் தெரிஞ்ச ஆள் விண்ணப்பிச்சா மதிப்பிடுறவர் வேலை செய்யச் சொல்லிப் பாத்து, கேள்வி கேட்டு, சரி எண்டா லெவல் 3 அல்லது 4 சேர்டிபிக்கட் வரும். நாரஹேன்பிட்டியில இருக்கிற தொழிற்பயிற்சி அதிகாரசபையிலயும் ராஜகிரியவில இருக்கிற நைட்டா எண்ட தொழில் பழக்கிற அரச நிறுவனத்திலயும் விசாரியுங்கோ, மாவட்டங்கள்லயும் அவைக்கு ஒபிஸ் இருக்கு.

அனுபவத்துக்கு ஆதாரம் கேப்பினம். இயக்கத்தில செய்ததை எழுதத் தேவையில்ல, அதுக்கு ஆதாரமும் இல்ல. விடுதலையானதுக்குப் பிறகு ஊரில செய்ததைச் சேருங்கோ: வீடு கட்டினவர் எண்டா அந்த வீட்டுக்காரரின்ட கடிதம், கராஜ்ல நிண்டவர் எண்டா கராஜ்காரரின்ட கடிதம், செய்த வேலையின்ட போட்டோ. புனர்வாழ்வு முகாம்ல படிச்ச தொழில் கோர்ஸ் சேர்டிபிக்கட் இருந்தா அதையும் வையுங்கோ, ஆனா ஒண்டு கவனம், கந்தகாடு எண்ட பேரை இப்ப கொழும்பில வாசிக்கிறவர் போதைப்பொருள் புனர்வாழ்வு எண்டுதான் நினைப்பார், அதால அந்தக் கோர்ஸை என்.வி.கியூ. சேர்டிபிக்கட்டா மாத்தி எடுத்தாத்தான் பிரயோசனம்.

மருத்துவப் பிரிவில இருந்த அக்காமார் கனபேர் ஊரில தையலோட நிண்டிட்டினம். நேர்ஸ் எண்டு வேலை செய்ய ஏலாது, அதுக்குப் பதிவு வேணும். ஆனா வயசுபோன ஆக்களைப் பராமரிக்கிற வேலைக்கு என்.வி.கியூ. இருக்கு, அதுக்குக் கொழும்பிலயும் கேள்வி, வெளிநாட்டிலயும் கேள்வி. ஓ.எல். சோதனை எடுக்காம போனவர் பிரைவேட்டா எடுக்கலாம், வயசு தடையில்ல. எடுத்து றிசல்ட்ஸ் துலைஞ்சவர் பெலவத்தையில பரீட்சைத் திணைக்களத்தில திரும்ப எடுக்கலாம், வருஷமும் சுட்டெண்ணும் ஞாபகம் இருந்தா லேசு.

சிங்களமும் இந்தப் படிக்குள்ளதான். தடுப்பில இருந்தவை கொஞ்சம் பழகியிருப்பினம், ஆனா அது கொமாண்ட் கேட்டுப் பழகின சிங்களம், சைட்ல சாமான் பேர் சொல்லிக் கதைக்கிற சிங்களம் வேற. ஒரு மாசத்தில வந்திடும்.

படி 7: வேலை

இன்டர்வியூவில புனர்வாழ்வு சேர்டிபிக்கட்டை நீங்களா எடுத்து நீட்ட வேண்டாம், அது வேலைத் தகுதிப் பத்திரம் இல்ல. நேர கேட்டா பொய் சொல்லவும் வேண்டாம், "இருந்தனான், புனர்வாழ்வு முடிச்சிட்டன்" எண்டு ஒரு வசனத்தில சொல்லிட்டு வேலைக் கதைக்குத் திரும்போணும். சைட்டுகள்லயும் பிளட் கேட் செக்கியூரிட்டியிலயும் ஆமியில இருந்து வந்த ஆக்கள் கனபேர் நிப்பினம், அவையோட பிரச்சினை வரும் எண்டு வீட்டில பயப்பிடுவினம். வாறதைவிட வராம இருக்கிறதுதான் கூட, ரெண்டு பேருக்கும் முழங்கால் நோ ஒரே இடத்தில, கதை அங்கதான் தொடங்கும்.

காசு விசயத்தில கண்டிப்பா இருங்கோ. ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) தொழிலாளியிட்ட 8 வீதம், முதலாளி 12 வீதம், அதுக்கு மேல ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) முதலாளி 3 வீதம். "ஆறு மாசம் போகட்டும், பேர்மனென்ட் ஆக்கினாப் பிறகு போடுவம்" எண்டு சொல்லுவாங்கள், சட்டத்தில அப்பிடி இல்ல, முதல் நாள்ல இருந்து, தற்காலிக வேலைக்கும் போடோணும். எங்கட ஆக்கள் எங்கட ஆக்களுக்கே போடாம விடுற கடைகள் இருக்கு, சொந்தக்காரன் எண்டு வாயை மூடிக்கொண்டு இருக்கக்கூடாது. பூச்சியத்தில தொடங்கிற நாப்பத்தஞ்சு வயசுக்காரருக்கு கடைசி காலத்துக்கு எண்டு சேரக்கூடியது இது ஒண்டுதான். போடாட்டி நாரஹேன்பிட்டித் தொழில் திணைக்களத்தில முறைப்பாடு குடுக்கலாம். கடையிலயோ ஒபிஸ்லயோ நிக்கிறவருக்கு நியமனக் கடிதம் எழுத்தில குடுக்கோணும், அதையும் கேட்டு வாங்குங்கோ. சைட் வேலை எண்டா ஹெல்மட், பெல்ட் இருக்கோ எண்டு பாத்துட்டு விடுங்கோ, காயப்பட்டா நட்டஈடு கேக்கிறதுக்கும் அந்த ஈ.பி.எஃப். நம்பர் ஆதாரம்.

பெண்கள் எண்டா இன்னும் ஒரு பாரம் கூட. இயக்கத்தில இருந்த பிள்ளை எண்டா ஊரில கலியாணம் பேசவும் யோசிப்பினம், தனியாக் கொழும்பில நிண்டாலும் கதைப்பினம். தெரிஞ்ச பெண் ஒருத்தி இருக்கிற போர்டிங்காப் பாத்து எடுங்கோ, பிள்ளையை ஊரில விட்டுட்டு வாற தாய் எண்டா மாசத்தில ஒருக்கா போய்வர லீவு முதலே பேசிக்கொள்ளுங்கோ.

படி 8: விசாரணை எண்டு வந்தா

பயங்கரவாதத் தடைச் சட்டத்தில (1979ம் ஆண்டின் 48ம் இலக்கம்) புனர்வாழ்வு முடிச்சவரையும் திரும்ப விசாரிச்ச கதைகள் இருக்கு. கூப்பிட்டா தனியப் போக விடாதேங்கோ, எந்த ஒபிஸ், கூப்பிட்டவர் பேர், நேரம் எழுதி வையுங்கோ. வாக்குமூலம் தமிழ்ல எழுதக் கேக்கலாம், விளங்காத சிங்களத்தில எழுதின ஒண்டிலயும் கையெழுத்து வைக்க வேண்டாம், இதால சிறைக்குப் போன ஆக்கள் இருக்கினம். கைது எண்டா எழுத்தில துண்டு கேளுங்கோ, உடன மனித உரிமை ஆணைக்குழுவின்ட 1996க்கு எடுங்கோ. லோயர் வைக்கக் காசில்லாட்டி புதுக்கடையில சட்ட உதவி ஆணைக்குழு இருக்கு.

படி 9: வெளிநாடு

கொஞ்ச நாள் வேலை செய்தாப் பிறகு இந்தக் கதை வரும், வராம இராது. கோர்ட்டில கேஸ் எதுவும் கிடந்தா லோயரைக் கேட்டுட்டுத்தான் பாஸ்போட்டுக்குப் போடுங்கோ, கிளியரா இருந்தா பத்தரமுல்லையிலயோ வவுனியாவிலயோ எடுக்கலாம். பொலிஸ் ரிப்போட் கேக்கிற நாடு எண்டா அதுக்கு நேரத்தோட போடுங்கோ, இயக்கத்தில இருந்தவருக்கு அது இழுபடலாம். ஏஜென்சியின்ட லைசன்ஸ் உண்மையோ எண்டு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின்ட 1989ல கேட்டுட்டு ஒரு ரூபாய் குடுங்கோ.

"சமையல் வேலை, காம்ப்ல கிளீனிங், கை நிறையச் சம்பளம், ஆயுதம் தெரிஞ்ச ஆள் எண்டா இன்னும் கூட" எண்டு ஆரும் ரஷ்யாப் பக்கம் கதைச்சா அந்த நம்பரை புளொக் பண்ணுங்கோ. 2024ல இலங்கை ஆமியில இருந்து விலகின ஆக்களை இப்பிடித்தான் வேலை எண்டு சொல்லிக் கொண்டுபோய் உக்ரேன் யுத்தத்தில முன்லைன்ல விட்டவங்கள், செத்தவையும் இருக்கினம், பாதுகாப்பு அமைச்சே குடும்பங்களிட்ட முறைப்பாடு எடுத்தது. டூரிஸ்ட் விசாவில போய் அங்க மாத்தலாம் எண்டு சொன்னாலோ, கொன்ட்ராக்ட் ஆளுக்கு விளங்காத பாசையில இருந்தாலோ, பாஸ்போட்டை முதலே வாங்கி வைச்சாலோ, அந்தப் பயணம் வேண்டாம்.